மிகத் திருப்தி

கண்டி மாநகரசபையில் முப்பத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அழகருக்கு, வாழ்க்கையில் நிலைத்து நின்ற கோபம் ஒன்றே ஒன்றுதான்: பாராளுமன்றம். காலையில் பேப்பரை விரித்தால் வாய் ஓயாது. சபையில் காலிக் கதிரைகளின் படம் வந்துவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுவதும் அதே கச்சேரி. கேட்பதற்கு மனைவி புஷ்பம் இருந்தாள். "அப்ப நீங்களே போய் அங்க உக்காருங்களேன்" என்று மரக்கறி வெட்டிக்கொண்டே சொல்வாள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அவர் ஏச்சும் அவள் பதிலும்தான் பேச்சு.

புஷ்பம் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. கண்டி, கட்டுக்கலையில் உள்ள வீட்டில் அழகர் இப்போது பேப்பரை மனசுக்குள்தான் வாசிக்கிறார். சுவரைப் பார்த்து ஏசினால் பைத்தியம் என்பார்கள். ஏசாமல் இருந்தால் நெஞ்சு கனக்கிறது. பேக்கரியில் "ஒரு றாத்தல் பாண்" என்று கேட்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாத நாட்களும் உண்டு. தனிமை என்று அவர் வாயால் சொல்லமாட்டார். ஆனால் அதேதான்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். கலஹாவிலிருந்து வந்த இராஜேஸ்வரி என்ற பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம். கொழும்பில் ஏதோ ஆய்வு நிறுவனமாம். பாராளுமன்றம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டுவரச் சொல்லியிருக்கிறார்களாம்.

அழகருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷத்து ஏச்சையும் எழுதிக்கொள்ள ஆள் வந்திருக்கிறதே! கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"ரொம்ப நேரம் ஆகாதுங்க ஐயா. எல்லாரும் அதிருப்தின்னுதான் சொல்றாங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்றாள் அவள்.

அங்கேதான் வந்தது வினை. காலமெல்லாம் படிவங்களோடு மாரடித்த மனுஷன் அல்லவா, முதல் கேள்விக்குக் கீழே இருந்ததை எதிரே இருந்தபடியே தலைகீழாக வாசித்துவிட்டார்: 'அதிருப்தி எனில் 23ஆம் கேள்விக்குச் செல்க.' அதுதான் கடைசிக் கேள்வி. அதிருப்தி என்று சொன்னால் வயதையும் தொழிலையும் எழுதிக்கொண்டு எழும்பிப் போய்விடுவாள். திருப்தி என்றால் இன்னும் இருபத்திரண்டு கேள்வி இருக்கிறது.

"சொல்லுங்க ஐயா, பாராளுமன்றத்தோட செயற்பாடு உங்களுக்குத் திருப்தியா?"

"மிகத் திருப்தி" என்றார் அழகர். சொன்ன வாய் அவருக்கே கூசியது.

அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். சட்டமூலங்கள் நேரத்துக்கு நிறைவேறுகின்றனவா? நிறைவேறுகின்றன. உறுப்பினர்கள் ஒழுங்காகச் சமூகமளிக்கிறார்களா? தவறாமல். ஒவ்வொரு பொய்க்கும் அவள் விளக்கம் கேட்டாள், இவரும் விலாவாரியாகக் கொடுத்தார். நடுவில் எழுந்துபோய் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றினார். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கதையை அவள் சொன்னாள். இப்படியே ஒரு மணித்தியாலம் போனது. அவள் புறப்பட்டபோது அழகருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுவாரம் கொழும்பிலிருந்து போன் வந்தது. பேசியவர் நடராஜா, அவளுடைய மேற்பார்வையாளர்.

"குறை நினைக்காதீங்க ஐயா. கண்டியில முந்நூறு வீட்டுல நீங்க ஒருத்தர்தான் எல்லாத்துக்கும் மிகத் திருப்தின்னு சொல்லியிருக்கீங்க. அந்தப் பிள்ளை உங்க வீட்டுக்கு வராமலே தானா எழுதிருச்சோன்னு சந்தேகம். அப்படின்னா வேலையில வச்சிருக்க ஏலாது. நீங்க சொன்னதா இது?"

அவள் வந்தாள்தான், பொய் சொன்னது நான் என்று சொல்லிவிடலாம். ஏன் சொன்னீர்கள் என்று கேட்பார்களே! அதற்குப் பதில் அழகருக்கு நன்றாகவே தெரியும். அந்த வார்த்தையைத்தான் அவர் வாயால் சொல்லமாட்டாரே.

"நான் சொன்னதுதான். ஒரு மணித்தியாலம் இருந்து எழுதுச்சு. நம்ம பாராளுமன்றத்துக்கு என்ன குறை?"

"சரிங்க ஐயா, அது போதும்."

"தம்பி, அடுத்த தடவையும் அந்தப் பிள்ளையத்தான் அனுப்புவீங்களா?"

"ஒருக்கா கேட்ட வீட்டுல மறுபடி கேக்க மாட்டோம் ஐயா. எங்க விதிமுறை அப்படி."

"அப்படியா" என்றார் அழகர். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, "இப்ப வேற ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

"இல்லைங்க ஐயா, எல்லாம் முடிஞ்சிருச்சு."