அப்பாவின் அலகுத் தழும்பு

அப்பாவின் மார்பில் இருந்தது அலகுத் தழும்புதான் என்று எங்கள் வீட்டில் இரண்டு பேர் உறுதியாக நம்பினோம். ஒருவர் அப்பா. இன்னொருவர், ஒன்பது வயதான நான்.

அப்பா பஸ் ஓட்டுநர். சிங்கப்பூரில் ஆங் மோ கியோவில் வீடு. பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஒற்றைப் பிள்ளை நான் என்பதால், தைப்பூசந்தோறும் என் பேரில் அலகுக் காவடி எடுப்பார். அந்தப் பெருமையில் நான் வகுப்பில் யாரையும் மதிப்பதில்லை.

அந்தத் தீபாவளியன்று அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபோது, இடது மார்புக் காம்புக்கு அடியில் கொண்டைக்கடலை அளவில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. காம்பும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"போன வருஷம் அலகு குத்துன இடம்மா. அம்மாகிட்ட சொல்லிடாதே. காவடிக்கு விடமாட்டா லா."

ஓட்டைவாய் என்றுதான் வீட்டில் எனக்குப் பெயர். அதை மாற்றிக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு எது? மார்கழியில் அவர் பனியனில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. அம்மா பார்ப்பதற்குள் அதைச் சோப்புப் போட்டுக் கசக்கியவள் நான்தான்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் வழக்கமாக அலகு குத்தும் மாமா, அப்பாவின் மார்பில் விபூதி பூசினார். பூசிய விரல் ஓரிடத்தில் நின்றது. அழுத்திப் பார்த்தார்.

"அண்ணே, இது நான் குத்துனது இல்ல. காம்புகிட்ட நான் அலகே கொண்டு போகமாட்டேன். டாக்டர்கிட்ட காட்டுங்க. காட்டாம குத்தமாட்டேன்."

அப்பா கெஞ்சினார், கோபப்பட்டார். மாமா அசையவில்லை. கடைசியில் ஒரு பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா நடந்தார். பின்னால் வந்த அம்மா, உனக்கு முன்பே தெரியுமா என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன்.

மருத்துவமனையின் மார்பகப் பிரிவில் காத்திருந்த அத்தனை பேரும் பெண்கள். தாதி அப்பாவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, மாற்றிக்கொள்ள வேண்டிய அங்கியை அம்மாவிடம் நீட்டினார். படிவத்தில் கடைசி மாதவிடாய் எப்போது என்று ஒரு கேள்வி. அப்பா அதன் மேல் பெரிதாகக் கோடு போட்டார்.

டாக்டர் தமிழ்ப் பெண்மணி. மாமோகிராம், ஊசிப் பரிசோதனை எல்லாம் முடிந்து முடிவைச் சொல்ல அழைத்த நாளில் அப்பா கேட்டது ஒன்றுதான்.

"ஆம்பளைக்கு எப்படி டாக்டர் மார்புல புத்துநோய் வரும்?"

"பொம்பளைங்களுக்கு இருக்குற திசு உங்களுக்கும் மார்புல கொஞ்சம் இருக்கு. அபூர்வம்தான், ஆனா வரும். கட்டி எப்போலேர்ந்து இருக்கு?"

"ஒரு மாசமா," என்றார் அப்பா. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். தீபாவளி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"பொம்பளப் பிள்ளைங்க எத்தனை பேர்?"

"ஒண்ணே ஒண்ணு. இதுதான்," என்று அப்பா என் தலையில் கைவைத்தார். டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கோப்பில் ஏதோ எழுதினார். இவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று என்னைப் பாராட்டி எழுதுகிறார் போலும் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்பாவின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டார். இன்றும் இருக்கிறார், கோயிலில் கூச்சமில்லாமல் சட்டையைக் கழற்றுகிறார்.

போன மாதம் அதே பிரிவில், அப்பாவிடமிருந்து எனக்கும் அது வர வாய்ப்பு உண்டா என்று பார்க்கும் மரபணுச் சோதனைக்கு நான் ரத்தம் கொடுத்தேன். குடும்பத்தில் யாருக்கு வந்தது, அம்மாவுக்கா என்று தாதி கேட்டார். அத்தனை பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அப்பா, பள்ளிப் பிள்ளைபோல் கையைத் தூக்கினார்.

டாக்டர் அன்று எழுதியது என்னைப் பற்றித்தான். ஆனால் பாராட்டு அல்ல.