ஆயருக்குக் கட்டிய சம்பு வளைவு

துடைப்பம் கையில் இருந்தால் உலகத்தையே பெருக்கிவிடலாம் என்று லாசருக்கு நினைப்பு. அமிர்திக்குப் பக்கத்தில், மலையடிவாரக் கிராமத்து மாதா கோயிலில் அவர் கோயில்பிள்ளை. மணி அடிப்பார், மெழுகுவத்தி ஏற்றுவார், மிச்ச நேரமெல்லாம் பெருக்குவார். பெருக்கிய வாசலில் ஒரு கோழி நடந்துவிட்டால் போச்சு, அன்றைக்குப் பூசையே கெட்ட மாதிரி புலம்புவார்.

ஊருக்கு மேலே தோல் பதனிடும் ஷெட் ஒன்று இருந்தது. தோல் ஊறிய தண்ணீர் ஊர் வழியே ஓடும் கானாற்றில் இறங்கி, மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாற்றத்தோடு வரும். எண்பத்திரண்டில் பங்குச்சாமியார் கோயிலுக்குப் பின்னால் பெரிய பள்ளம் வெட்டி, களிமண் மெழுகி, ஜல்லி பரப்பி, சம்புப்புல் நடவைத்தார். கானாற்றிலிருந்து ஒரு வாய்க்கால் அதற்குள் நுழைந்து, வேர்களுக்கிடையே ஊர்ந்து, மறுபக்கம் நாற்றமில்லாமல் வெளியே வந்தது. மேல்தெருப் பெண்கள் அதில் துணி துவைத்தார்கள். மிச்ச ஆறு நாறிக்கொண்டே கீழ்த்தெருவுக்குப் போனது.

வேர்தான் அழுக்கைத் தின்கிறது என்று சாமியார் விளக்கியபோது லாசரும் தலையாட்டினார். கண் என்னவோ கோழி எச்சத்தின் மேல் இருந்தது. "ஜல்லிதான் தண்ணிய வடிகட்டுது. புல்லு சும்மா, கரைக்கு" என்று பிறகு எல்லோருக்கும் அவரே விளக்கினார்.

எண்பத்து நான்கில் மறைமாவட்டத்து ஆயர் வருவதாகச் சேதி. பள்ளத்தைப் பார்த்து அவர் மனசு வைத்தால் கீழ்த்தெருவுக்கும் ஒன்று வெட்டலாம் என்றார் சாமியார். கீழ்த்தெரு முனியம்மா ஓடிவந்தாள்.

"எம் பொண்ணுக்குக் காலெல்லாம் சிரங்குண்ணே. பிஷப்புக்கு நல்லா காட்டுங்க."

"நான் பாத்துக்கறேன், நீ போம்மா" என்றார் லாசர்.

ஆயர் வருவதற்கு முதல் நாள் சாமியார் மலைக் கிராமத்துப் பூசைக்காக மேலே ஏறிவிட்டார். லாசர் பள்ளத்தைப் பார்த்தார். ஆள் உயரப் புல், சேறு, தவளை. பெரியவர் வந்து நிற்கிற இடமா இது? நாலு ஆளைக் கூப்பிட்டு அத்தனையையும் வேரோடு பிடுங்கினார். ஜல்லியைக் கழுவினார். பிடுங்கிய புல்லில் நீளமான தண்டுகளாகப் பொறுக்கி, கோயில் வாசலில் வளைவு கட்டினார். எட்ட நின்று பார்த்தபோது அவருக்கே கண் நிறைந்தது.

ஆயர் வளைவைப் பாராட்டிவிட்டுத்தான் பின்பக்கம் போனார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகியிருந்தது. கலங்கிய அடிச்சேறு குப்பென்று நாறியது. மறுபக்கம் தண்ணீர் கறுப்பாய் வந்தது. ஆயர் கைக்குட்டையை எடுத்தார்.

"லாசரு, புல்லு எங்க?" என்றார் சாமியார்.

 லாசர் கையை நீட்டி வளைவைக் காட்டினார். தான் கட்டியதைத் தானே காட்ட அவ்வளவு வெட்கமாக இருந்தது. "அப்புறம் பார்க்கலாம்" என்று ஆயர் காரில் ஏறிவிட்டார். சாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

குப்பையில் கிடந்த வேர்களைப் பொறுக்கி, பொழுது சாயும்வரை லாசர் திரும்ப நட்டார். பிறகு சேற்றுக் காலோடு முனியம்மா வீட்டுக்குப் போய் வாசலில் தலைகுனிந்து நின்றார்.

 வந்தவருக்குத் தருவதுபோல் அவள் சொம்பில் தண்ணீர் தந்தாள். "கால் கழுவிக்கினு உள்ள வாங்கண்ணே. எங்க வூட்ல இந்தத் தண்ணிதான்."

சொம்பு கைக்கு வருமுன்பே நாற்றம் வந்தது. உள்ளே அந்தப் பெண் காலை நீட்டி உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தாள். லாசர் மூச்சை அடக்காமல், கடைசிச் சொட்டு வரை காலில் ஊற்றிக்கொண்டார். உள்ளே போக மட்டும் அவருக்குக் கால் வரவில்லை.