ஒயரை வெட்டாத ஆப்பரேட்டர்

டீக்கடைக்குப் போய் டீ கேட்காமல், கொதிக்கிற தண்ணீர் மட்டும் கேட்டிருக்கிறீர்களா? போன வாரம் மாரண்டஹள்ளிப் பக்கம் நான் கேட்டேன். கேட்டதோடு விட்டேனா? பையிலிருந்து நட்டு மாதிரி ஒரு பித்தளைச் சாமானை எடுத்து பாய்லருக்குள் போடப் பார்த்தேன்.

"சார்... அது டீத் தண்ணீங்க!" என்று அலறினார் கடைக்காரர்.

அவர் அலறியது நியாயம்தான். நான் ஏன் அங்கே போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். வாரத்துக்கு ஒரு முறை உங்களோடு பேச்சு, மற்ற நாளெல்லாம் மண் வெட்டும் மிஷின்களுக்கு வைத்தியம். அங்கே ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த எக்ஸ்கவேட்டர் ஒன்று படுத்துவிட்டது. ஹைட்ராலிக் மிஷின். எண்ணெயின் அழுத்தத்தில்தான் அதன் கை நீளும், மடங்கும். அந்த எண்ணெய் அளவு மீறிச் சூடானால், டேங்க்கில் மாட்டியிருக்கும் சென்சார் ஆப்பரேட்டரின் கண் முன்னால் ஒரு சிவப்பு லைட்டை எரிய விடும். எரிந்தால் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

அந்த லைட் மதியமானால் எரிந்தது. தினமும்!

மெக்கானிக் ஒருவர் வந்தார். சென்சார் கெட்டுப்போச்சு என்று புதுசு மாட்டினார். லைட் அணைந்திருந்தது. பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாள் மதியம் மறுபடி எரிந்தது. மறுபடி வந்தார், மறுபடி புதுசு, மறுபடி பஸ். அவர் வரும் நேரமெல்லாம் மிஷின் நின்று ஆறிப் போயிருக்கும். ஆறிப்போன மிஷினில் லைட் எப்படி எரியும் என்று அவரும் கேட்கவில்லை, யாரும் அவரைக் கேட்கவில்லை.

மிஷினின் சொந்தக்காரரான கான்ட்ராக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். "லைட்டு பொய் சொல்லுது. ஒயரை வெட்டிட்டு ஓட்டு. முடியாதுன்னா சாயங்காலம் சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ" என்று ஆப்பரேட்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று காலை, அவர் ஜீப் கிளம்பிய கொஞ்ச நேரத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

ஆப்பரேட்டர் பெயர் அந்தோணிசாமி. கம்பைநல்லூர்க்காரர். கழுத்தில் ஜெபமாலை, கையில் சாவி. அந்தச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒயர வெட்டி ஓட்டி, நாளைக்குப் பம்பு போச்சுன்னா பழி யாரு மேலங்க வுழும்? என் மேலதான். வெட்டலன்னா வேல போயிடும். நீங்களே சொல்லுங்க சார், நான் இன்னா பண்றது?"

நானும் சென்சார்தான் கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு, பையில் மூன்றாவதாக ஒரு புதுசோடு வந்தவன்தானே! ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். ஒரு சென்சார் பொய் சொல்லலாம். அடுத்தடுத்து மாட்டிய இரண்டு புதுசும் சேர்ந்து பொய் சொல்லுமா?

அதனால்தான் டீக்கடை. டேங்க்கில் இருந்த சென்சாரைக் கழற்றி, ஓட்டையை அடைத்துவிட்டு எடுத்துப் போனேன். கடைக்காரர் மனமிரங்கி ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கொடுத்தார். சட்டியில் தண்ணீர், தண்ணீரில் சென்சார், சென்சாரிலிருந்து ஒயர், ஒயரின் முனையில் பேட்டரியும் பல்பும். தண்ணீர் தளதளவென்று கொதித்தது... பல்ப் எரிந்தது. அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டேன். அணைந்தது. திரும்பவும் கொதிக்க வைத்தேன். திரும்பவும் எரிந்தது.

சென்சார் தங்கம்!

அப்படியானால் எண்ணெய் நிஜமாகவே கொதிக்கிறது. சென்சாரைத் திரும்ப மாட்டி மிஷினை ஓட்டச் சொன்னேன். மதியம் சொல்லி வைத்தாற்போல் லைட் எரிந்தது. டேங்க்கில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன்.

ஏன் சுடுகிறது? மிஷினைச் சுற்றி வந்தேன். பக்கவாட்டில் கம்பி வலை போட்ட ஒரு ஜாலி. அதன் வழியாகத்தான் ஃபேன் காற்றை உள்ளே இழுத்து எண்ணெயைக் குளிரவைக்கும். அந்த ஜாலி முழுக்க, மேலிருந்து கீழ் வரை, சாமந்தி மாலை!

வாய்க்கால் நல்லபடியாக முடிய வேண்டும் என்று ஊரில் ஒரு ஏற்பாடு. முறை வைத்து, தினம் ஒரு வீட்டிலிருந்து மிஷினுக்கு மாலை. முதல் நாள் கையில்தான் போட்டிருக்கிறார்கள். மிஷின் கையை நீட்டியதும் மாலை அறுந்து மண்ணில் விழுந்தது.

"அறுந்து வுழுந்தா சகுனம் சரியில்லைனுதாங்க, அசையாத எடமா பாத்துப் போட்டோம்" என்றார் முனியம்மா. அன்றைக்கு அவர் வீட்டு முறை.

ஜாலியைத் திறந்தேன். ஃபேன் காற்றோடு சேர்த்து இதழ்களையும் இழுத்திருக்கிறது. எண்ணெய் குளிரும் கூலரின் இடுக்கெல்லாம் காய்ந்த சாமந்தி, புழுதியோடு சேர்ந்து வறட்டி மாதிரி அப்பிக் கிடந்தது. காற்று நுழைய வழியே இல்லை.

முனியம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "எங்க பூவாங்க இத நிறுத்துச்சு?"

எனக்கு ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தோணிசாமிதான் சொன்னார்: "அதுக்கு மூச்சு முட்டிடுச்சுங்க அக்கா. அதாங்க விசயம். இனிமே கேபின் கம்பியில போடுங்க, என் பக்கத்துலயே இருக்கட்டும்."

பக்கத்துக் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிரஷ்ஷும் குழாயும் கொண்டு கழுவினோம். முனியம்மாவும் புடவையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு வண்டி ஓடியது. வெயில் சாயும்வரை ஓடியது. நான் லைட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எரியவே இல்லை. அந்தோணிசாமி கேபினுக்குள்ளிருந்து சிரித்தார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது!

யோசித்துப் பாருங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் அதிகமாகக் காட்டினால், 'இந்தத் தெர்மாமீட்டர் சரியில்லை' என்று உதறிவிட்டு இன்னொரு தடவை வைக்கிறோம். ஆபீஸில் ஒருத்தர் 'இது தப்பு சார்' என்றால், அவரை வேறு ஊருக்கு மாற்றுகிறோம். கெட்ட சேதி வந்தால் நம் கை முதலில் போவது சேதி கொண்டுவந்தவர் மேல்தான். நானும் அதற்கு விலக்கில்லை. பையில் புதுசு வைத்திருந்தேனே!

சாயங்காலம் ஜீப் வந்தது. அந்தோணிசாமி இறங்கிப் போய், சாவியை நீட்டினார். கான்ட்ராக்டர் அன்றைக்கு வெட்டியிருந்த வாய்க்காலின் நீளத்தைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். முழுசாக இருந்தது. கூடையில் குவிந்திருந்த காய்ந்த பூவைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சாவிய நீயே வெச்சுக்கோ, அந்தோணி" என்றார்.

அப்புறம் என்னைத் தனியாக ஜீப் பக்கம் அழைத்துப் போனார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"சார், பாலக்கோட்டுல நம்ம இன்னொரு வண்டி ஓடுது. அதுல நானே நின்னு ஒயர வெட்ட வெச்சேன்... நாளைக்கு வந்து சேத்துக் குடுத்துடறீங்களா?"

வெட்டிய ஒயரைச் சேர்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. சேர்க்கச் சொல்வதுதான் பெரிய வேலை... அதை அவரே முடித்துவிட்டார்!