தங்கையின் பெயருக்குத் திறக்காத கணினி

ஆந்திர எல்லையோரத்து நகரியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. நான் அப்போது திருப்பதியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். நகரியில் இருந்த என் தங்கையின் கணவரும் அந்த ஆடி மாதம் டிரைவர் வேலைக்குக் குவைத் போயிருந்தார்.

அவருக்கு இன்னொரு தொழிலும் தெரியும். விசைத்தறிச் சேலைகளுக்கான பார்டர், முந்தானை டிசைன்களைக் கணினியில் வரைந்து கொடுப்பார். தறி வேலை போக மிஞ்சிய நேரத்தில் பல வருடமாக வரைந்ததெல்லாம் வீட்டிலிருந்த பழைய கணினியில்தான் இருந்தது. தீபாவளி நெருங்கும்போது ஒரு தறி முதலாளி வந்து, தங்கை கணவருடைய டிசைன்களையே கொஞ்சம் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். தங்கை அந்த வேலையை ஏற்கெனவே புத்தூரில் கற்றிருந்தாள். அவர் போன பிறகு அவள் சொந்தமாகச் சம்பாதிக்க வந்த முதல் வாய்ப்பு அது. போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டுக் கணினியைப் போட்டாள். பாஸ்வேர்டு கேட்டது.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. போன் செய்வார். அன்று நானும் விடுப்பில் அங்கே இருந்தேன். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "வேற இன்னா வெப்பேன்? உம் பேருதான்."

தங்கைக்கு வெட்கம். என் முன்னாலேயே தன் பெயரைத் தட்டினாள். தவறு என்றது. பெரிய எழுத்தில் தட்டினாள். தவறு. அவர் போனிலேயே ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் தட்டிப் பார்த்தேன். அப்போதும் தவறு. பக்கத்து வீட்டம்மா வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "குவைத்துக்குப் போனவுங்க மனசுல எந்தப் பேரு கீதோ, நமக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் தங்கையின் முகத்திலிருந்து அந்த வெட்கம் வழித்தெடுத்ததுபோல் போய்விட்டது.

போனை மறுபடி வாங்கினாள். "எம் பேருக்குத் தொறக்கல. யார் பேருக்குத் தொறக்கும்னு உண்மைய சொல்லு." அவர் சத்தியம் செய்தார். பிறகு கோபப்பட்டார். அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். அதன் பிறகு மணி அடித்தபோது எடுக்கவில்லை.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. கணினிப் பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு திருப்பதி ரயில் ஏறினோம். கோவிந்தா சத்தம் போட்டுக்கொண்டு போன கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு அதை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், டிவி ரிப்பேரா என்று கேட்டார். "இல்லம்மா, எங்க ஊட்டுக்காரரு மனசு. தொறக்க மாட்டேங்குது" என்றாள். அந்த அம்மாள் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை.

என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிப்பேர் கடை உண்டு. அங்கிருந்தவர் விஷயத்தைப் பொறுமையாக விளக்கினார். பழைய விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் பாஸ்வேர்டு தொல்லை போய்விடும். உள்ளே இருப்பவை வேண்டுமென்றால், ஹார்டு டிஸ்கைக் கழற்றி முதலில் காப்பி எடுக்க வேண்டும். பெட்டி திங்கள் வரை கடையில் இருக்கட்டும் என்றார். நான் காப்பி எடுக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"அவரோடது ஒண்ணும் வேணாம். முழுசா தொடச்சிடு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். டிசைன் எல்லாம் போய்விடுமே என்றேன். போகட்டும் என்றாள். வேலை முடிந்ததும் புது பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று அவர் கேட்டார். அவள் வீம்புக்குத் தன் பெயரையே சொன்னாள். "இந்த தடவையாவது எம் பேருக்குத் தொறக்கட்டும்."

ஞாயிறு காலை நகரியில் பெட்டியை மாட்டினோம். அவள் தன் பெயரைத் தட்டினாள்.

தவறு என்றது.

இந்தப் பெட்டியில் அவள் கணவருடையது என்று இனி எதுவும் இல்லை. பாஸ்வேர்டு அவள் வாயால் சொன்னது. கடைக்காரர் எங்கள் கண் முன்னால் போட்டது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே பதில். நான் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

திரையின் மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பார்த்தேன். 'டி.ஈ.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். என் அலுவலகக் கணினியில் எப்போதும் 'ஈ.என்.' என்றுதான் இருக்கும். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "கீபோர்டு தெலுங்குல கீதுக்கா. நீங்க இங்கிலீஷ்னு நெனச்சி அடிக்கிறீங்க, அது தெலுங்கு எழுத்தா எடுத்துக்குது. புள்ளி புள்ளியா வர்றதால கண்ணுக்குத் தெரியாது." நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெலுங்கு வேண்டியிருப்பதால் எந்தப் பெட்டிக்கும் அதையும் சேர்த்தே போட்டுவிடுவாராம். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னார். எழுத்து மாறியது. தங்கை தன் பெயரைத் தட்டினாள். திறந்துகொண்டது.

போனை வைப்பதற்கு முன் கடைக்காரர் கேட்டார். "பழசுலயும் தெலுங்கு இருந்துச்சா?"

நான் தங்கையிடம் கேட்டேன். குவைத் போவதற்கு முந்தின வாரம், அவள் கணவர் ஊர்க்காரர்கள் சிலருக்காக மண்டல அலுவலகத்துக்கு இந்தப் பெட்டியிலேயே தெலுங்கில் மனு அடித்துக் கொடுத்தாராம். அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் இருந்து எழுந்தவள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றாள். சுத்தமாகத் துடைத்த திரையில் நீலவானமும் பச்சைப் புல்லும் மட்டும் இருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கேட்டுக்கொண்டதால் மறுபடி போனேன். போன் வந்தது. நடந்ததை ஒன்று விடாமல் அவளே சொன்னாள்.

"எல்லாமே பூட்ச்சா?" என்றார்.

"எல்லாமே."

பிறகு, "ஒரு தபா என்ன நம்பியிருக்கலாம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்தத் தீபாவளிக்கு முன் தங்கை நகரியில் வீடு வீடாகப் போனாள். அவர் டிசைனில் நெய்த சேலைகளை இரவல் வாங்கி வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கட்டம் கட்டமாகத் திரும்ப வரைந்தாள். கிடைத்த சேலைகள் கொஞ்சம்தான். அதனால் மீண்டதும் கொஞ்சம்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எந்த டிசைன் முடிந்தது என்று அவருக்குச் சொன்னாள். அவரும் கேட்டுக்கொண்டார்.

இன்றைக்கும் ஏதாவது ஒரு கணினி நான் தட்டுவதை ஏற்காவிட்டால் என் கண் முதலில் திரையின் மூலைக்குத்தான் போகிறது. ஒரு மனிதரின் சொல்லை நம்ப முடியாமல் போகும்போது எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.