நான்காவது பயணி

ஸ்விட்சர்லாந்து, இத்தாலி, பிரான்ஸ் மூன்றுக்கும் குடும்பத்தோடு போகலாம் என்று அண்ணன் சொன்னதும், அங்கே ஊர் சுற்ற ரயில் டிக்கெட் போடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். திருப்பதியில் வேலை முடிந்து அறைக்கு வந்தால் லேப்டாப்பும் கையுமாகத்தான் இருப்பேன். எந்த ஊரில் ரயில் மாறினால் நைனா அதிகம் நடக்க வேண்டியிருக்காது என்று பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தேன். நைனா என்றால் எங்கள் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் போடுவதற்காகவே சித்தூர் வீட்டுக்குப் போனேன். மொத்தம் நான்கு பேர் என்று அண்ணன் சொல்லியிருந்தான். நைனா, அண்ணன், அண்ணி பெயர்களை அடித்துவிட்டு என் பெயரையும் அடித்தேன்.

அண்ணன் திரையை எட்டிப் பார்த்தான். "உன் பேரு எதுக்கும்மா போட்டுக்கினு கீற? நாலாவதா உங்க அண்ணியோட அம்மாதான வராங்க!"

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனுக்குத் தெரியுமா நைனா?"

"நீ கோச்சிக்குவேன்னுதான் சொல்லல. டிக்கெட்டு போடும்போது சொல்லிக்கலாம்னு இருந்தோம்."

அண்ணன் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். நைனாவும் சேர்ந்து மறைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"நீங்களே போட்டுக்குங்க" என்று லேப்டாப்பை மூடினேன். சாப்பிட்டுப் போகச் சொன்ன அண்ணிக்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறினேன். வழியில் பாகாலா தாண்டுவதற்குள் அண்ணன் இரண்டு முறை போன் செய்தான். நான் எடுக்கவில்லை.

யாரோ ஏஜென்டைப் பிடித்து அவர்கள் போய்வந்தார்கள். நைனா எனக்கு ஒரு டப்பா சாக்லேட் வாங்கி வந்திருந்தார். அதை ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்தேன். நான் ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை.