ஊமை டீச்சரின் கைச் சோதனை

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஊமை டீச்சர். வாய் ஓயாமல் பேசுகிற பெண்ணுக்கு இப்படி ஒரு பெயர் வரக் காரணம் அவர் பார்த்த வேலை. மூளை நரம்பு ஆஸ்பத்திரியில் கைச் சோதனை எடுப்பார். மேஜைமேல் முதலில் முஷ்டி, அடுத்து கையின் ஓரம், பிறகு உள்ளங்கை. இதைப் பேசாமல் காட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அதே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மூளையின் முன்பகுதி தளர்ந்தவர்களுக்கு வரிசை குழம்பிவிடும்.

முன்பெல்லாம் ஒரு டாக்டர் கடகடவென்று காட்டுவார். இன்னொருவர் பாவம் பார்த்து, "முஷ்டி, ஓரம்" என்று வாயால் எடுத்துக் கொடுப்பார். அப்புறம் யார் தேறினார் என்று எதை வைத்துச் சொல்வது? அதனால் எல்லோருக்கும் ஒரே மேஜை, ஒரே வேகம், மூடிய வாய் என்று முறை வகுத்தார்கள். நோயில்லாதவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று அறிய, நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்களையெல்லாம் டீச்சர் பிடித்து உட்கார வைத்தார். பக்கத்தில் இருந்து நேரம் பார்ப்பது என் வேலை. நான் இருமினால்கூட முறைப்பார்.

வேகம் மாறாமல் காட்டுவது லேசில்லை. அதற்காக வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கணவரை எதிரே வைத்துப் பழகினார். கணவர் டவுன் பஸ் டிரைவர். "உன் ஆராய்ச்சிக்கு நான்தான் எலியா?" என்று சலித்துக்கொண்டே உட்காருவார். மாதக்கணக்கில் இது நடந்தது.

ஒருநாள் டிரைவர், காலங்காலமாய் ஓட்டிய தடத்தில் பஸ்ஸை வேறு தெருவுக்குள் திருப்பிவிட்டார். பயணிகள் கத்தினார்கள். அடுத்த வாரம், கல்யாணமாகிப் போன மகளைப் பற்றி, "இன்னும் காலேஜ்லேருந்து வரலையா?" என்று கேட்டார். டீச்சர் பயந்துபோய் எங்களிடமே அழைத்து வந்தார். எங்களிடம் எப்போதும் கூட்டம். கைச் சோதனையில் தேறியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். சொந்தக்காரர் இருக்கக் கூடாது என்பதால் டீச்சர் வெளியே நிற்க, நான் காட்டினேன். டிரைவரின் கை அப்படி ஒரு சுத்தம். என் கைதான் தடுமாறியது.

"அலைச்சல்தாம்மா. லீவு போடச் சொல்லுங்க" என்றார் டாக்டர். டீச்சர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். முறை முறை என்று உயிரை விட்ட எங்கள் யாருக்கும் ஒன்று மட்டும் மண்டையில் உறைக்கவில்லை.

மறு வருஷம் டிரைவர் சிக்னலில் பஸ்ஸை நிறுத்தி, பயணிகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தார். இம்முறை பெரிய டாக்டரே சோதித்தார். கை அப்போதும் பிசகவில்லை. டாக்டர் சற்று யோசித்து வரிசையைத் தலைகீழாக்கினார்: உள்ளங்கை, ஓரம், முஷ்டி. டிரைவர் கவனமாகப் பார்த்துவிட்டுப் பழைய வரிசையையே செய்தார். மறுபடி காட்டினார். மறுபடியும் அதேதான்.

டாக்டர் டீச்சரை உள்ளே கூப்பிட்டார். "இவருக்கு இதை யார் பழக்குனது?"

"நான்தான் சார்."

"கை மனப்பாடம் பண்ணிடுச்சும்மா. போன வருஷமே தெரிஞ்சிருந்தா மருந்து கொடுத்து நோயைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருக்கலாம்."

தன் விரலே தன் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய் முறையிடுவது? எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று இன்றும் தெரியவில்லை.

டீச்சர் வேலையை விட்டுவிட்டார். போன வாரம் பார்க்கப் போனேன். சாப்பாட்டுத் தட்டோடு டீச்சர் எதிரே உட்கார்ந்ததும், டிரைவர் தானாகவே கையை மேஜைமேல் வைத்து ஒரு பிழையில்லாமல் செய்து காட்டினார். பிறகு டீச்சரிடம் மரியாதையாகக் கேட்டார்:

"சரியா செஞ்சேனாம்மா? என் வீட்டுக்காரி வெளிய காத்துக்கிட்டிருப்பா. நான் போகலாமா?"

"சரியா செஞ்சீங்க" என்றார் டீச்சர். "சாப்பிட்டுட்டுப் போங்க. அவங்க இருப்பாங்க."