அங்கம்மா கொண்டுவராத விளக்கெண்ணெய்

சென்ற வாரம், மூடுபனி கலையாத ஒரு காலையில், செல்லாயி எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தார். தலையில் மழைக்குப் போட்ட சாக்கு. படியேறாமல் கீழேயே நின்று, "டிரசர் ஐயா, நம்ம அங்கம்மாக்கா போயிருச்சு. சிலிம் ரிவர் ஊர்ல, மக வீட்டுல. நெஞ்சுச் சளியாம். ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு" என்றார். டாக்டர் இல்லாத நாட்களில் நோய் பார்த்து மருந்து கொடுக்கும் டிரசர் நான்; அப்போது மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். சொன்னது காதில் விழுந்த பிறகும் கையிலிருந்த கண்ணாடிக் குச்சி கொஞ்ச நேரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அங்கம்மா இந்த ஆஸ்பத்திரியின் சமையற்காரி. தோட்டத்து மக்களே, உங்களில் பலர் அவர் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துத்தான் எழுந்து வீட்டுக்குப் போனீர்கள். செல்லாயி இன்று உயிரோடு நடமாடுவது அங்கம்மாவால்தான் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

அவரை நினைத்தால் முதலில் கஞ்சியின் ஆவிதான் தெரிகிறது. விடியற்காலையில் ரப்பர் மரங்களுக்கிடையே பனி வெள்ளையாக நிற்கும். பின்கட்டிலிருந்து கஞ்சி வாளியின் ஆவி அதனோடு போய்க் கலக்கும். எது பனி, எது ஆவி என்று தெரியாத அந்த வெண்மைக்குள்ளிருந்து அங்கம்மா வருவார். ஊற்றிவிட்டு நகர்ந்துவிட மாட்டார். ஒவ்வொரு கட்டிலின் அருகிலும், முதல் வாய் உள்ளே இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார்.

ஒருமுறை, வேலைக்குப் போகாமல் தப்பிப்பதற்காக ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியபடி படுத்திருந்தார். நான் நம்பிவிட்டேன். அங்கம்மா என்னிடம் வந்து, "மூணாவது தடவை கஞ்சி வாங்கிக் குடிச்சிட்டாருங்க. நாளைக்குக் காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு அனுப்பிருங்க" என்றார். அதே வாரத்தில், "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்கு அனுப்புங்க" என்று சிரித்துக்கொண்டிருந்த இன்னொருவரை அனுப்ப விடவில்லை. அவர் தட்டு இரண்டு வேளையாகத் தொடாமல் திரும்பியிருந்தது. அன்று மாலையே அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. "சாப்பாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க" என்பார் அங்கம்மா. நான் அதைக் கேட்டுச் சிரிப்பேன். பாடம் படித்துப் பரீட்சை எழுதி வந்தவன் நான்.

நான்கு மழைக்காலங்களுக்கு முன் செல்லாயி இங்கே வந்து படுத்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஏழு பிள்ளைகள் பெற்றவர், உடம்பில் சதையே கிடையாது. வலது முட்டி வலிக்கிறது என்றார். காலை மடக்கியே வைத்திருந்தார். வாதம் என்று எழுதித் தைலம் தேய்க்கச் சொன்னேன். மறுநாள் வாந்தி எடுத்தார். வயிறு கட்டியிருக்கிறது, அஜீரணம் என்று அதையும் எழுதினேன். மூன்றாம் நாள் காலை, பேதிக்கு விளக்கெண்ணெய் சூடு பண்ணிக்கொண்டு வரும்படி அங்கம்மாவிடம் சொன்னேன்.

வெகுநேரமாகியும் எண்ணெய் வரவில்லை. பின்கட்டுக்குப் போனேன். புட்டி மூடியபடி அலமாரியில் இருந்தது. அங்கம்மா அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தார்.

"அவளுக்கு அது வேணாங்க" என்றார்.

"நீ சமையலைப் பாரு."

"சமையலப் பாத்துத்தாங்க சொல்றேன். நோவு இல்லாத நேரம் கஞ்சி கேக்குறா. கால் நோவு வந்ததும் கஞ்சி வெளிய வந்துருது. நோவு விட்டா மறுபடியும் பசிங்கிறா. போன மழையிலயும் இங்க வந்து படுத்தப்ப இப்படித்தான். நீங்க ரெண்டு சீக்குன்னு எழுதுறீங்க. அது ரெண்டும் சேர்ந்தே வருது, சேர்ந்தே போவுது."

"முட்டிக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முட்டி இல்லீங்க. தொடைக்கு உள்பக்கம், மேலேருந்து முட்டிவரைக்கும் கம்பி இழுத்த மாதிரி ஓடுதாம். ஒங்ககிட்ட அத எப்படிச் சொல்லுவா? முட்டின்னு சொல்லிட்டா. மூணு நாளா காத்துகூடப் பிரியலயாம். வெளிய போக வழியில்லாத வயித்துக்குப் பேதி குடுத்தா என்னாவும்? வேலைய விட்டு நிறுத்தினாலும் சரி, நான் எண்ணெய காய்ச்ச மாட்டேன்."

கோபத்தோடுதான் வார்டுக்குத் திரும்பினேன். ஆனால் கட்டிலருகே போனதும் கை தானாகச் செல்லாயியின் வயிற்றில் போய் நின்றது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, மூன்று நாளில் அப்போதுதான் முதன்முறையாக அந்த வயிற்றைத் தொட்டேன். அது உப்பி இறுகிப்போயிருந்தது. மடக்கியிருந்த காலை மெல்ல நீட்டிப் பார்த்தேன். செல்லாயி போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. காலை மறுபடி மடக்கியதும் கூச்சல் அடங்கியது. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் தடவித் தேடினேன். எங்கேயும் கட்டி இல்லை. ஆனாலும் உள்ளே எங்கோ குடல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பட்டது.

வெளியிலிருந்து வரும் டாக்டர் இன்னும் நான்கு நாள் கழித்துத்தான் வருவார். தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவுக்கு ஓடினேன். துரை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து என் நோயாளிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லாயியை ஈப்போவுக்குக் கொண்டுபோக லாரி வேண்டும் என்றேன்.

"என்னா டிரசர், முட்டி வலிக்கு லோரியா?"

"முட்டி வலி என்று நான் எழுதியது தப்பு, துரை. குடல் அடைபட்டிருக்கிறது. இன்று அறுக்காவிட்டால் பிழைக்க மாட்டாள்."

என் தப்பை நானே ஒப்புக்கொண்டு அவர் ஒருநாளும் கேட்டதில்லை. உடனே டிரைவரைக் கூப்பிடச் சொன்னார்.

"ஆறு ஏறிருக்கு, ரோடு ரொம்ப சூசாலா, கஷ்டந்தான். இருந்தாலும் போலாம்" என்றார் டிரைவர். லாரியிலிருந்து, புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டுகளை இறக்கிவிட்டு, அந்தப் புகை நாற்றத்துக்கு நடுவே பாய் விரித்துச் செல்லாயியைப் படுக்க வைத்தோம். அங்கம்மா கேட்காமலே ஏறி உட்கார்ந்து, மடக்கிய காலைத் தன் மடியில் தாங்கிக்கொண்டார். வழியெல்லாம் தூறல். தண்ணீர் நின்ற பாதையில் லாரி மிதப்பது போலப் போயிற்று. ஈப்போ நெருங்க நெருங்கச் சுண்ணாம்பு மலைகள் அடி தெரியாமல் மேகத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. பள்ளம் வரும்போதெல்லாம் அங்கம்மாவின் இரண்டு கைகளும் அந்தக் காலை ஆடவிடாமல் பிடித்துக்கொண்டன. அந்தப் பயணம் இரண்டு மணி நேரமா, ஒரு முழு நாளா என்று இப்போது யோசித்தாலும் எனக்குத் தெளிவாகவில்லை.

ஈப்போ ஆஸ்பத்திரியில் அன்று இருந்த சர்ஜன் தமிழர். அறுவை முடிந்து, கையைத் துடைத்தபடி வராந்தாவுக்கு வந்தார்.

"இடுப்பெலும்பில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. தொடைக்குப் போகிற நரம்பு அதன் வழியாகத்தான் இறங்குகிறது. குடலின் ஒரு மடிப்பு அதற்குள் சிக்கி நரம்பை அழுத்தியிருக்கிறது. வெளியே எதுவும் தெரியாது. மெலிந்த, நிறையப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும். நான் புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் பார்த்தது இன்றுதான். இன்னும் அரை நாள் போயிருந்தால் குடல் அழுகியிருக்கும். பேதி மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?"

"இல்லை ஐயா."

"நல்ல வேளை. தொடை வலியையும் வாந்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?"

அங்கம்மா பத்தடி தள்ளி, தூணருகே நின்றுகொண்டிருந்தார். சேலை முழுவதும் சேறு. நான் சொன்னேன்: "எனக்குத்தான் சந்தேகமாக இருந்தது, ஐயா."

சர்ஜன் என் தோளைத் தட்டினார்.

திரும்பி வரும்போது லாரியில் பேச்சை எடுக்கப் பார்த்தேன். "அக்கா, அவர் கேட்டப்ப நான்..." அங்கம்மா முடிக்க விடவில்லை. "அவளுக்குப் பசிக்குதுன்னு சொன்னா எனக்குச் சேதி சொல்லச் சொல்லுங்க" என்றார். நான்காம் நாள் ஈப்போவிலிருந்து சேதி வந்தது: செல்லாயி கஞ்சி கேட்டாள். அங்கம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

பிறகொரு நாள், வெளி டாக்டர் வந்திருந்தபோது, எல்லார் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். பின்கட்டு வாசலில் அங்கம்மா கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தது, சரியாகச் சாப்பிடாத நோயாளியைப் பார்க்கிற மாதிரி. அதன் பிறகும் மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். போன வருடம் அவர் மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது ரயிலடி வரை போய் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். அங்கும் சொல்லவில்லை.

அதனால் இங்கே எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களே, செல்லாயியைக் காப்பாற்றியது நானில்லை. அன்று அங்கம்மா எண்ணெயைக் காய்ச்சியிருந்தால், நானே என் கையால் அவளைக் கொன்றிருப்பேன்.

என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. ஒரு பழக்கம் இருக்கிறது. பெண் நோயாளிகளிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு, அதோடு எழுதி முடித்துவிடாமல், நான் வெளியே போய்விடுகிறேன். இப்போது சமையலுக்கு வந்திருக்கும் பெண் உள்ளே போய் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டார்கள், என்ன தங்கவில்லை, உண்மையில் எங்கே வலிக்கிறது என்று கேட்டு வருகிறாள். அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறேன். நோயாளியை ஈப்போவுக்கு அனுப்ப வேண்டியிருந்தால், டாக்டருக்கு எழுதும் கடிதத்தில் முதல் வரியிலேயே, இதைக் கண்டு சொன்னவர் யார் என்று எழுதிவிடுகிறேன். நேற்று ஒரு கடிதம் போயிற்று. அதில் எழுதிய பெயர் அந்தச் சமையற்காரப் பெண்ணுடையது: காத்தாயி.